பிரை மோரும் பிரையானும்

இரவு படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோர் விட்டு மூடி வைக்கிறோம். அந்த மோருக்குச் சில ஊர்களில் உறை என்று பெயர், சில ஊர்களில் பிரை என்று பெயர். விடிந்து பார்த்தால் பாத்திரம் முழுக்கத் தயிர். அந்தத் தயிரில் ஒரு கரண்டி எடுத்தால் இன்னொரு பாத்திரத்தைத் தோய்க்கலாம்.

அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி புரூசினர் 1982இல் ஒரு விசித்திரமான நோய்க்காரணிக்குப் ‘பிரையான்’ என்று பெயரிட்டார். புரதத்தையும் தொற்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய பெயர் அது. நம் பிரைக்கும் அதற்கும் சொல்லளவில் உறவு கிடையாது. செயலளவில் உண்டு. ஆட்டின், மாட்டின், மானின் மூளைக்குள் பிரையான் செய்வது பிரை ஊற்றும் வேலையைத்தான்.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நீளும் மலைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பிரை எனக்கு நினைவுக்கு வருகிறது. நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலையின் புல்மலை, அதைத் தாண்டினால் இரவிகுளம். அசைபோடும் காட்டு விலங்குகள் நிறைந்த மலைத்தொடர் இது. காட்டுமாடு, கடமான், புள்ளிமான், கேளையாடு, இவற்றுக்கெல்லாம் மேலே பாறை விளிம்பில் வரையாடு. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் வரையாடுகள் மொத்தம் 2,668. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இரவிகுளத்தில் மட்டும் 841. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இவை காட்டில் இல்லை.

இவ்வளவு சிறிய ஓர் இனத்துக்குள் மருந்தில்லாத பிரையான் நோய் நுழைந்தால் யார் பிழைப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் ஒரே மரபணு தீர்மானிக்கும். அந்த மரபணுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உயிரில்லாத தொற்று

பாலைத் தயிராக்குவது மோரில் இருக்கும் பாக்டீரியா, அதாவது ஓர் உயிர். பிரையானில் உயிர் எதுவும் இல்லை. டி.என்.ஏ.யோ ஆர்.என்.ஏ.யோ அதற்குத் தேவைப்படுவதில்லை. செம்மறியாட்டைத் தாக்கும் ஸ்கிராப்பி நோயின் காரணியை டிக்வா ஆல்பர் என்ற கதிர்வீச்சு உயிரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1960களில் கடும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். வைரஸ்களைச் சிதைக்கக்கூடிய கதிர்வீச்சில் அது சிதையவில்லை. மரபுப்பொருளே இல்லாமல் ஒரு நோய் பெருகுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது வெறும் புரதம் என்று புரூசினர் சொன்னபோது பலர் நம்ப மறுத்தார்கள். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. மாலை கோத்து முடிந்ததும் தானாகவே ஒரு குறிப்பிட்ட வடிவில் மடங்கிக்கொள்ளும். பாலூட்டிகளின் நரம்பணுக்களின் மேற்புறத்தில் சுமார் 250 மணிகளால் கோத்த ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயரே பிரையான் புரதம். சரியாக மடங்கியிருக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை. அதே மாலை எப்போதாவது தவறாக மடங்கிவிட்டால், தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடக்கிவிடும். மடங்கியது அடுத்ததை மடக்கும். இழைகளாகத் திரண்டு, நரம்பணுக்கள் செத்து, மூளை நுண்ணோக்கியில் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கரண்டி மோர் பானைப் பாலை மாற்றுவது போல.

உடலின் காவல் படையும் இங்கே கைகொடுப்பதில்லை. வந்திருப்பது தன் சொந்தப் புரதத்தின் இன்னொரு மடிப்புதான் என்பதால் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அயலான் என்று அடையாளம் காண்பதில்லை. காய்ச்சலும் வராது. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியத் தொடங்கினால் சாவு நிச்சயம்.

எந்தப் பால் தோயும்?

பசும்பாலைத் தோய்க்கும் பிரையைத் தேங்காய்ப்பாலில் ஊற்றினால் கட்டித் தயிர் கிடைக்காது. பிரை அதேதான், பால் வேறு. பிரையான் நோயிலும் இப்படித்தான். வந்து சேரும் தவறான புரதத்துக்கும் விலங்கிடம் ஏற்கெனவே இருக்கும் புரதத்துக்கும் மணிவரிசை எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு எளிதாகத் தோயும். ஒரே ஒரு மணி மாறியிருந்தாலும் தோய்வது தாமதமாகலாம், நின்றே போகலாம். அந்த மணிவரிசையை எழுதி வைத்திருப்பது பிரையான் புரத மரபணு.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது செம்மறியாடு. ஸ்கிராப்பி ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட நோய். நோய் கண்ட ஆடு அரிப்புத் தாங்காமல் வேலியிலும் மரத்திலும் உடலை உராய்ந்து ரோமத்தை உதிர்த்துக்கொள்ளும். பிறகு தள்ளாடும், விழும். ஒரே பட்டியில் சில ஆடுகள் மட்டும் ஏன் தப்புகின்றன என்று தேடியபோது விடை மூன்று இடங்களில் கிடைத்தது. மாலையின் 136ஆவது மணி, 154ஆவது மணி, 171ஆவது மணி. இந்த மூன்றிலும் வேலைன், ஆர்ஜினின், குளூட்டமின் என்ற வரிசை வந்தால் அந்த ஆடு ஸ்கிராப்பிக்கு மிக எளிதான இரை. அலனைன், ஆர்ஜினின், ஆர்ஜினின் என்ற வரிசையைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற ஆட்டைச் சாதாரண ஸ்கிராப்பி ஏறக்குறையத் தொடுவதே இல்லை. 171ஆம் இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்ததுதான் முக்கியமான வேறுபாடு. இதை அறிந்ததும் பிரிட்டனும் நெதர்லாந்தும் கிடாய்களின் மரபணுவைப் பார்த்து, எதிர்ப்புள்ள கிடாய்களை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விடும் திட்டங்களைக் கொண்டுவந்தன. மருந்தே இல்லாத நோயைத் தேர்ந்த இனப்பெருக்கத்தால் பின்வாங்க வைத்தார்கள்.

வெள்ளாட்டில் காவல் மணிகள் வேறு இடங்களில் இருக்கின்றன, 146லும் 222லும். மனிதரில் 129ஆவது இடம். பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பித்தப்பசு நோய் என்ற பிரையான் நோய் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளைத் தாக்கியது. 1996இல் அது மனிதருக்கும் தொற்றுவது தெரிந்தது. பிரிட்டனில் இறந்த 170க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ எல்லோருக்கும் 129ஆம் இடத்தில் இரு பக்கமும் மெத்தியோனின் என்ற ஒரே மணி இருந்தது. பப்புவா நியூகினியில் ஃபோரே மக்களைக் குரு என்ற பிரையான் நோய் சூறையாடியது. அவர்களிடையே 127ஆம் இடத்தில் ஒரு மணி மாறியவர்கள் தப்பிப் பிழைத்திருந்தார்கள். சில தலைமுறைகளுக்குள்ளேயே நோய் ஓர் ஊரின் மரபணுவைச் சலித்து எடுத்ததற்கு இதைவிட நேரடிச் சான்று அரிது.

நார்வேயில் ஒரு வெள்ளாட்டு இனத்தில் இதைவிட வியப்பான செய்தி கிடைத்தது. அந்த ஆடுகள் சிலவற்றில் மரபணுவின் தொடக்கத்திலேயே ஒரு பிழை. அதனால் பிரையான் புரதம் உருவாவதே இல்லை. ஆனாலும் ஆடுகள் நலமாக மேய்கின்றன, குட்டி போடுகின்றன. ஸ்கிராப்பி அவற்றைப் பிடிப்பதில்லை. தோய்ப்பதற்குப் பாலே இல்லை.

காட்டுக்குள் போன நோய்

பட்டியில் இருக்கும் ஆட்டுக்குக் கிடாயைத் தேர்ந்தெடுத்து விடலாம். காட்டில் யார் தேர்ந்தெடுப்பது?

1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓர் ஆய்வுப் பண்ணையில் வளர்ந்த மியூல் மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்தன. எலும்பும் தோலுமாகி, தலை தொங்கி, வாயில் எச்சில் ஒழுக நிற்கும். அந்த மான்களின் மூளையும் பஞ்சு போல ஆகியிருப்பதை எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1970களின் இறுதியில் கண்டுபிடித்தார். மெலிவு நோய் என்று நாம் அதை அழைக்கலாம். 1981இல் அது காட்டில் திரியும் எல்க் மானிலும் தெரிந்தது. இன்று 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் பரவியிருக்கிறது. கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் மான்களோடு தென் கொரியாவுக்குப் போய் 2001இல் அங்கேயும் வெளிப்பட்டது. 2016இல் நார்வே மலைகளில், ஐரோப்பாவில் முதன்முறையாக, ஒரு பனிமானிடம் கிடைத்தது. நோய் பரவாமலிருக்க அந்த மலைப்பகுதியின் சுமார் 2,000 பனிமான்களை நார்வே அரசு முழுவதுமாகச் சுட்டு அகற்றியது.

பித்தப்பசு நோய் எலும்பும் இறைச்சியும் அரைத்த தீவனத்தால் பரவியது. தீவனத்தை நிறுத்தியதும் அடங்கியது. மெலிவு நோய்க்குத் தீவனம் தேவையில்லை. எச்சில், சிறுநீர், சாணம், அழுகும் உடல் ஆகிய எல்லாவற்றின் வழியாகவும் பிரையான் மண்ணுக்குப் போகிறது. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கிறது. ஐஸ்லாந்தில் ஆட்டுப்பட்டி ஒன்றில் 16 ஆண்டுகளுக்குப் பிறகும் ஸ்கிராப்பி திரும்பி வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் மான்கள் கூடி நக்கும் உப்புமண் தரைகளிலேயே பிரையான் கிடைத்தது. கொதிக்க வைத்தாலும் ஃபார்மலினில் ஊறவைத்தாலும் அது அழியாது.

மான்களிடமும் காவல் மணிகள் உண்டு. எல்க் மானுக்கு 132ஆம் இடத்தில், மியூல் மானுக்கு 225இல், வெள்ளைவால் மானுக்கு 95, 96 ஆகிய இடங்களில். வெள்ளைவால் மானின் 96ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் இருந்தால் நோய் தொற்றுவது குறைகிறது, தொற்றினாலும் மெதுவாக முற்றுகிறது. முழுமையான எதிர்ப்பு எந்த மானிடமும் இல்லை. மெதுவாக முற்றும் மான் அதிக நாள் உயிரோடு நடமாடும், அத்தனை நாளும் மண்ணில் பிரையானைச் சிந்தும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். செம்மறியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஸ்கிராப்பியைத் தடுக்கும் மணிவரிசை, 1998இல் நார்வேயில் கண்டறியப்பட்ட வேறுவகை ஸ்கிராப்பியைத் தடுப்பதில்லை. எல்லா நோய்க்கும் ஒரே கவசம் என்று எதுவும் கிடையாது. கூட்டத்துக்குள் பல வகை மணிவரிசைகள் கலந்திருப்பதுதான் காட்டு விலங்குக்குக் கவசம்.

வரையாடு யாருடைய உறவு?

இப்போது இரவிகுளத்தின் ராஜமலைக்கு வருவோம். வரையாட்டை இமயமலையில் வாழும் தார் ஆட்டின் தம்பி என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். தோற்றத்தில் அப்படித்தான் இருக்கும். 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆன் ரொப்பிக்கே, அலெக்சாந்தர் ஹசானன் இருவரும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது கதை மாறியது. இமயமலைத் தார் வெள்ளாட்டுக்கு உறவு. நம் வரையாடு செம்மறியாட்டுக்கு உறவு. அதனால் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து நீலகிரித்ராகஸ் என்று பெயரிட்டார்கள்.

வகைப்பாட்டு ஏட்டில் ஒரு பெயர் மாறியதோடு இது முடிந்துவிடவில்லை. பிரையான் நோயைப் பொறுத்தவரை உறவுமுறைதான் முதல் துப்பு. செம்மறிக்கு நெருங்கிய விலங்கின் பிரையான் புரதத்தைப் படிக்கச் செம்மறியின் வரைபடத்தைத்தான் முதலில் விரிக்க வேண்டும். 136, 154, 171 ஆகிய மூன்று மணிகளை முதலில் எண்ண வேண்டும். கடமானும் புள்ளிமானும் மெலிவு நோய்க்கு ஆளாகும் எல்க், சிவப்பு மான் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேளையாட்டின் உறவான சீனத்து ரீவ்ஸ் கேளையாட்டுக்கு ஆய்வகத்தில் மெலிவு நோய் தொற்றியிருக்கிறது. காட்டுமாடு வீட்டு மாட்டின் பேரினமேதான். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் குடு மான்களும், பிரிட்டனின் பிற காட்சிசாலைகளில் நியாலா, ஓரிக்ஸ் போன்றவையும் 1980களின் பிற்பகுதியிலிருந்து மாட்டின் பித்தப்பசு நோயால் செத்தன. மாட்டின் தூரத்து உறவுகளுக்கே அந்தக் கதி.

கணவாய் பிரித்த கூட்டம்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி. அதன் வழியாகக் காற்று போகிறது, ரயில் போகிறது, லாரி போகிறது. காட்டு விலங்கு போவதில்லை. யானைகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் ஒரு கூட்டம், தெற்கே ஆனைமலைப் பக்கம் வேறு கூட்டம் என்று 2005இல் காட்டினார்கள். வரையாட்டிலும் அதே பிரிவு தெரிகிறது. கணவாய் இயற்கை போட்ட கோடு. அதன்மேல் ஒன்றரை நூற்றாண்டாக நாம் போட்ட கோடுகள் வேறு இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்கள், யூக்கலிப்டஸ், சீகை மரக்காடுகள், அணைகள், சாலைகள். ஒரு முகட்டில் இருபது ஆடு, அடுத்த முகட்டில் நாற்பது ஆடு என்று வரையாடு சிதறிக் கிடக்கிறது.

சிதறலுக்கும் பிரையான் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். ஒரு காவல் மணி நூறு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். இருபது ஆடுகள் பிரிந்து ஒரு முகட்டில் தனித்துவிட்டால் அவற்றிடம் 40 பிரதிகள். அந்த நாற்பதில் ஒன்றில்கூடக் காவல் மணி இல்லாமல் போவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. ஆடு ஒன்றும் சாகவில்லை, கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அந்த முகட்டின் கவசம் கழன்றுவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைகளில் மிச்சமிருக்கும் வகைகளும் ஒவ்வொன்றாகத் தொலையும். முகடுகளுக்கு இடையே கிடாய்கள் போய்வர வழி இருந்தால் மட்டுமே தொலைந்தது திரும்பி வரும்.

வரையாட்டைத் தலைக்கணக்கால் மட்டும் எண்ணக்கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். 2,668 என்ற எண்ணுக்குள் எத்தனை வகைப் பிரையான் புரதம் இருக்கிறது, எந்த முகட்டில் எந்த வகை இருக்கிறது என்பதும் கணக்கெடுப்பின் பகுதியாக வேண்டும். சாணத்திலிருந்தே டி.என்.ஏ. எடுக்க முடிகிற காலம் இது. ஆட்டைத் தொடக்கூட வேண்டாம்.

சாவடியில் நிற்கும் கேள்வி

நம் நாட்டில் பித்தப்பசு நோய் இல்லை. உலக விலங்கு நல அமைப்பு இந்தியாவை மிகக் குறைந்த ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. வைக்கோலும் புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் போட்டு மாடு வளர்த்த நம் வழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. எலும்புத்தூளை மாட்டின் வாயில் திணிக்கவில்லை. ஆனால் இந்தியா பிரையானே காணாத நாடு என்று சொல்லிவிட முடியாது. இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் ஸ்கிராப்பி இருந்ததை 1961இலேயே பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது.

வீட்டு விலங்கின் நோய் காட்டுக்குள் போவதும் நமக்குப் புதிதில்லை. வெக்கை நோய் 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1974இல் இடுக்கியின் பெரியாறு காட்டிலும் அப்படியே நடந்தது. மேய்ச்சலுக்குப் போன மாடுதான் அதைக் கொண்டுபோனது. வெக்கை ஒரு வைரஸ். அதற்குத் தடுப்பூசி இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மருத்துவர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்டதால் 2011இல் உலகத்தை விட்டே அது ஒழிந்தது. பிரையானுக்கு அப்படி ஓர் ஊசி இல்லை. வந்த பிறகு ஒழிக்க வழியில்லாத நோய்க்கு வருவதற்கு முன் காவல் போடுவது ஒன்றே வழி.

அந்தக் காவலுக்கு இடங்கள் தயாராகவே இருக்கின்றன. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மீனாட்சிபுரம், கோபாலபுரம் வழியாகவும், வாளையாறு வழியாகவும், கம்பத்திலிருந்து குமுளி வழியாகவும் மாடும் ஆடும் லாரி லாரியாக எல்லை தாண்டுகின்றன. அங்கேயுள்ள கால்நடைச் சாவடிகளில் கோமாரியையும் ஆட்டுக்கொல்லியையும் தேடும் கண்கள், தள்ளாடும், உராயும், காரணமின்றி மெலியும் விலங்கையும் தேடப் பழக வேண்டும். வெளிநாட்டு மான்களையும் கிடாய்களையும் காட்சிக்காகவோ பண்ணைக்காகவோ கொண்டுவரும் ஆசைக்குக் கடிவாளம் வேண்டும். தென் கொரியாவுக்கு நோய் போனது அந்த வழியில்தான். காட்டு விலங்குகள் நக்கும் உப்புத்தரைகளில் வீட்டு மாடு போய் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகடுகளுக்கு இடையே புல்வெளியை மீட்டு ஆடுகள் போய்வர வழி விட வேண்டும். 2023இல் தமிழ்நாடு தொடங்கிய வரையாட்டுத் திட்டம் புல்வெளி மீட்பை ஏற்கெனவே கையிலெடுத்திருக்கிறது. அது மரபணுக் கவசத்தையும் மீட்கும் வேலை என்பதை எல்லையின் இரு பக்கமும் உணர வேண்டும்.

இன்னொன்று மிகச் சிறிய வேலை. சிறுத்தை அடித்தோ பாறையில் வழுக்கியோ வாகனத்தில் அடிபட்டோ ஒரு வரையாடு, ஒரு கடமான் இறந்து கிடக்கும்போது வனத்துறைக் கால்நடை மருத்துவர் உடற்கூராய்வு செய்கிறார். அப்போது கழுத்தும் மண்டையும் சேரும் இடத்தில் மூளைத்தண்டிலிருந்து ஒரு சிறு துண்டையும், தொண்டைப் பக்கத்து நிணக்கணு ஒன்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும். பிரையான் இருந்தால் வேறெந்த அறிகுறிக்கும் முன்பே அங்கேதான் தெரியும். இல்லை என்றால் அந்த ‘இல்லை’யும் பொன் போன்ற தகவல். இந்த ஆண்டு இந்த முகட்டில் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான், என்றாவது ஒருநாள் வந்தால் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்க முடியும். நார்வேயில் அந்த ஒரு பனிமானைப் பரிசோதித்ததால்தான் நோய் வந்தது தெரிந்தது.

பிரை ஊற்றிய பாலைத் திரும்பப் பாலாக்க யாராலும் முடியாது. இரவிகுளத்திலும் புல்மலையிலும் நெல்லியாம்பதி முகடுகளிலும் பால் இன்னும் பாலாகவே இருக்கிறது. பானையை மூடி வைக்க வேண்டிய நேரம் இதுதான்.